இச்சையடக்கம் யாருக்கு?

மனித பலவீனத்தைப் பற்றி மலையகத்தில் எவர் பேசினாலும், தொழிலாளியின் சாராயப் போத்தலையே சான்றாக எடுத்து நீட்டுகின்றனர். அக்கரப்பத்தனைத் தோட்டத்து லயத்தில் குடிப்பவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறான். ஆகவே உபதேசமும் அவனை நோக்கியே இறங்குகிறது: மாம்சம் பலவீனமானது, சோதனைக்கு இடங்கொடாதே, இச்சையை அடக்கு!

நாம் குடிக்குப் பரிந்து பேச வரவில்லை. கொழுந்து கிள்ளிக் களைத்து வந்த பெண்ணின் கூலி கசிப்பாகக் கரைவதும், அவள் முதுகிலேயே அடி விழுவதும் கொடுமை. அந்தக் கைக்கு அடக்கம் வேண்டும். வறுமை அதற்கு மன்னிப்பு ஆகாது. ஆனால் அடக்கம் அந்த ஒருவனுக்கு மட்டும் உரிய பாடமா என்பதே நம் கேள்வி.

மனிதன் தன் மனவலிமையாலேயே பாவத்தை வென்றுவிடலாம் என்ற பெலாஜியசின் கொள்கையைக் கிறிஸ்தவ சபை 418இல் கார்த்தேஜில் நிராகரித்தது. அதை எதிர்த்து வாதாடிய அகுஸ்தீன், பலவீனம் மனிதகுலம் முழுவதற்கும் பொது என்றார். ஆதாமின் மக்களில் துரை வேறு, தொழிலாளி வேறு அல்லர். அப்படியிருக்க, “மனம் வைத்தால் நீ திருந்தலாம்” என்று லயத்து மனிதனிடம் மட்டும் சொல்வது எவருடைய குரல்? சபை தள்ளிய பெலாஜியசின் குரலன்றோ!

வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்த இயேசு, கல்லை அப்பமாக்கும் சோதனையை மறுத்தார். அது தம் பசி. பின்னர் ஐயாயிரம் பேர் பசித்து நின்றபோது அவர்களுக்கு அவர் அடக்கத்தை உபதேசிக்கவில்லை, அப்பத்தைக் கொடுத்தார். இந்த வேறுபாட்டை நம் உபதேசிகள் எங்கே தொலைத்தார்கள்?

யாக்கோபின் நிருபத்தையே எடுத்துக்கொள்வோம். அவனவன் தன் சொந்த இச்சையாலேயே சோதிக்கப்படுகிறான் என்கிறது முதல் அதிகாரம். வயலை அறுத்தவரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று செல்வரைக் கடிகிறது ஐந்தாம் அதிகாரம். முதல் அதிகாரம் லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் அதிகாரம் பங்களாப் படியேறவில்லை. இது தற்செயலன்று. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் பண உதவியோடு நடந்தது. படியளப்பவனைக் கடிந்துகொள்வது எளிதா?

நாட்கூலி 1,000 ரூபாய் என 2021இல் அரசு வர்த்தமானியில் அறிவித்ததும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. 2024இல் 1,700 ரூபாய் என்றபோதும் ஏறின. கொழுந்தின் நிறை குறைந்தால் தொழிலாளிக்கு அரைப்பேர் போடும் கணக்கையும், சாராயத் தீர்வையால் கருவூலத்தை நிரப்பும் அரசையும் எந்தப் பிரசங்கம் சோதனை என்று பெயரிட்டு அழைத்தது? பொருளாசையும் இச்சையே. அது நாற்றமடிக்காது, தள்ளாடாது, ஆகவே பாவக் கணக்கில் ஏறுவதில்லை.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். அதே வேதத்தைத்தான் அவரும் வாசித்தார்.

ஆகவே நாம் கேட்பது புதிய மதமன்று. நிருபத்தை முழுமையாக வாசியுங்கள். குடிப்பவனிடம் போத்தலைக் கீழே வைக்கச் சொல்லும் அதே வாய், கூலியைப் பிடித்துவைப்பவனிடம் அதைக் கொடுத்துவிடு என்றும் சொல்லட்டும். அன்றுதான் அந்த உபதேசத்தை லயம் நம்பும்.