பழுதின் முதல்

பள்ளி ஆய்வுக்கூடத்து மேசைமீதுள்ள மின்வழங்கி எளிய கருவியே. 230 வோல்ட் மின்னழுத்தத்தை மின்மாற்றி 12 வோல்ட் போன்ற சிறிய அளவாகக் குறைக்கிறது; நான்கு டையோடுகள் மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்துகின்றன; மின்தேக்கி அதன் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்கிறது. வாயிலில் நின்று காவல் புரிவது மின்னுருகி.

உருகி எரிந்து கருவி இயங்காதொழிந்தால் பலர் செய்வது யாது? புதிய உருகியை இடுவர். அதுவும் எரிந்தால், தடித்த கம்பியைச் சுற்றிவிடுவர். இது காவலனைக் கட்டிவைத்துக் கள்வனுக்குக் கதவு திறப்பதை ஒக்கும். மிகுதியான மின்னோட்டம் தடையின்றிப் பாய, மின்மாற்றி வெந்து புகையும், தீயும் பற்றக்கூடும்.

உருகி எரிதல், உள்ளே பழுது உண்டு என்னும் எச்சரிக்கையாகும். ஆகவே அறிந்தோர் முதலில் மின்னிணைப்பைப் பிரித்து, மின்தேக்கியில் தங்கிய மின்னூட்டம் நீங்கும்வரை பொறுப்பர். பின்னர்க் கருகிய மணம் உண்டா, மின்தேக்கி புடைத்துளதா என்று நோக்குவர். டையோடு ஒவ்வொன்றின் ஒரு முனையைக் கழற்றி மல்டிமீட்டரால் அளப்பர். நல்ல டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். இரு திசையிலும் விடுவது பழுதுற்றது. அதனை மாற்றிய பின்னரே, குறித்த அளவுள்ள உருகியை இடுவர்.

இவ்வாறு ஆராய்ந்தால் ஒரு பாடவேளை வீணாகுமே என்பார் உளர். வீணாயினும் ஆகுக. நாளை அக்கருவியைத் தொடப்போவது ஒரு மாணவனின் கை. ஆசிரியர் துணையோடு பழுதின் முதலைத் தேடக் கற்ற மாணவன், கருவியை மட்டுமன்றித் தன் தோழனையும் காக்கிறான்.