மண்டியிட்ட வீரர்களிடம் கணக்குக் கேட்ட கிறிஸ்டீன்!

கோட்டைப் படிக்கட்டு. போருக்குக் கிளம்பிவிட்ட வீரன் குதிரை மேல் இருக்கிறான். அவன் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறாள் ஒரு பெண். ஆங்கில ஓவியர் எட்மண்ட் லெய்ட்டன் 1900-ல் வரைந்த ‘காட் ஸ்பீட்’ ஓவியம் இது. அடுத்த ஆண்டே அவர் இன்னொன்று வரைந்தார். வெள்ளை உடை அணிந்த இளம்பெண் முன்னால் வீரன் மண்டியிட்டிருக்க, அவள் வாளால் அவன் தோளைத் தொட்டு ‘நைட்’ பட்டம் தருகிறாள். ‘தி அக்கொலேட்’ என்ற அந்த ஓவியம் இன்றும் வாட்ஸ்அப் டிபியாகவும் போஸ்டராகவும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெண் முன்னால் மண்டியிடும் வீரன்! சினிமா காதலனுக்கும், ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ மரியாதைக்கும் மூதாதை இவன்தான்.

ஆனால், லெய்ட்டன் இந்த ஓவியத்தை வரைவதற்குச் சரியாக 500 ஆண்டுகளுக்கு முன்பே, 1401-ல், பாரிஸில் ஒரு பெண் பேனாவை எடுத்துவிட்டார். ‘இந்த மரியாதையெல்லாம் உண்மையா, வெறும் வேஷமா?’ என்பதுதான் அவர் கேள்வி. அவர் பெயர் கிறிஸ்டீன் டி பிசான். வயது 37. கணவரை இழந்தவர், மூன்று குழந்தைகளின் தாய்.

குதிரையில் வந்த நெறி

பிரெஞ்சு மொழியில் குதிரைக்கு ‘ஷெவால்’ என்று பெயர். குதிரையேறிப் போர் செய்பவன் ‘ஷெவாலியே’. அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் ‘ஷிவல்ரி’. ஆரம்பத்தில் அதற்குக் குதிரைப்படை என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் இல்லை. ஆயுதமும் குதிரையும் வைத்திருந்த இந்த ஆட்கள் ஊர்களைக் கொள்ளையடிப்பதும் உண்டு. அவர்களை ஒரு கட்டுக்குள் கொண்டுவர திருச்சபையும் அரசவைகளும் முயன்றபோது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நெறி உருவானது. ரமோன் லுல் என்ற ஸ்பானிய அறிஞர் 13-ம் நூற்றாண்டில் நைட்களுக்காக எழுதிய கையேட்டில், விதவைகளையும் அநாதைகளையும் காப்பது வீரனின் கடமை என்று சொல்கிறார்.

இன்னொரு பக்கம் பாட்டு. தெற்கு பிரான்ஸில் ‘துருபதூர்’ என்ற கவிஞர்கள், காதலியைத் தங்கள் எஜமானியாகவும் தங்களை அவளுடைய சேவகனாகவும் வைத்துப் பாடினார்கள். பெயர் தெரிந்த முதல் துருபதூர் அக்விடேன் பிரபு ஒன்பதாம் வில்லியம். இறந்தது 1126-ல். பாட்டில் வரும் அந்தப் பெண் பெரும்பாலும் இன்னொருவரின் மனைவி என்பதால், ஏக்கம்தான் பாட்டுக்கே அடிப்படை.

12-ம் நூற்றாண்டின் இறுதியில் கிரெட்டியன் டி ட்ருவா எழுதிய லான்ஸ்லாட் கதையில் ஒரு காட்சி வரும். கடத்தப்பட்ட அரசி குனிவியரைத் தேடிப் போகும் லான்ஸ்லாட், குற்றவாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஏறினால்தான் தகவல் கிடைக்கும் என்ற நிலை. மானம் போகுமே என்று இரண்டே இரண்டு அடி தயங்கிவிட்டு ஏறுகிறான். உயிரைப் பணயம் வைத்து மீட்கப் போனவனிடம், அந்த இரண்டு அடித் தயக்கத்துக்காக அரசி முகம் கொடுக்க மறுத்துவிடுகிறாள்! காதலுக்கு அவ்வளவு கறாரான சட்டம்.

மரியாதை யாருக்கு?

அந்தச் சட்டம் எல்லாப் பெண்களுக்குமானதா? அதே காலத்தில் ஆண்ட்ரியாஸ் என்ற பாதிரியார் லத்தீனில் எழுதிய காதல் கையேடு இதற்குப் பதில் சொல்கிறது. பிரபு குலப் பெண்ணிடம் எப்படிப் பணிவாகப் பேச வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் பாடம் எடுக்கிறவர், விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு மிகச் சிறிய அத்தியாயம்தான் ஒதுக்குகிறார். அவளிடம் ஆசை வந்தால் கொஞ்சம் பலவந்தத்துக்கும் தயங்க வேண்டாம் என்பது அதில் வரும் அறிவுரை. கிண்டலுக்காக எழுதினாரா, நிஜமாகவே எழுதினாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியிருந்தாலும், கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த பெண்ணுக்கு அந்த மண்டியிடலில் பங்கு இல்லை.

சுவருக்கு உள்ளே இருந்த பெண்ணின் நிலை? அதைச் சொல்லத்தான் கிறிஸ்டீன் வந்தார்.

கோர்ட் வாசலில் ஒரு விதவை

கிறிஸ்டீன் பிறந்தது வெனிஸில். அப்பா மருத்துவமும் ஜோதிடமும் தெரிந்தவர். பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸ் அவரை அழைத்துக்கொள்ள, சிறுமி கிறிஸ்டீன் பாரிஸ் அரச வட்டாரத்தில் வளர்ந்தார். 15 வயதில் திருமணம். கணவர் எத்தியென், அரசுச் செயலர். நல்ல வாழ்க்கை என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். மன்னர் இறந்தார், அப்பாவின் செல்வாக்கு சரிந்தது, அப்பாவும் போனார். கிறிஸ்டீனுக்கு 25 வயதானபோது, வெளியூர் போன கணவர் கொள்ளைநோயில் இறந்துபோனார்.

மூன்று குழந்தைகள், அம்மா, உறவுக்காரப் பெண் ஒருத்தி... எல்லோருக்கும் சோறு போட வேண்டியவர் கிறிஸ்டீன் மட்டுமே. கணவருக்கு வர வேண்டிய சம்பள பாக்கிக்கும் சொத்துக்குமாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வழக்குகளில் அலைந்தார். குளிரில் கோர்ட் வாசல்களில் காத்துக் கிடந்ததையும், அங்கே குடித்துவிட்டுத் திரிந்தவர்கள் தன்னைப் பார்த்து ஏளனம் செய்ததையும், கையில் காசு இல்லாதது வெளியே தெரியாமல் இருக்கப் பழைய மேலங்கியைப் பார்த்துப் பார்த்து உடுத்தியதையும் 1405-ல் எழுதிய நூலில் சொல்கிறார்.

விதவைகளைக் காப்பதாகச் சொன்ன வீரர்கள் நிறைந்த அதே ஊரில்தான் இது நடந்தது.

நியாயமாகச் சொன்னால், எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. 1400-ஐ ஒட்டி, பூசிகோ என்ற புகழ்பெற்ற தளபதி 13 வீரர்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். பச்சைக் கேடயத்தில் வெள்ளை உடைப் பெண் அதன் சின்னம். சொத்தைப் பறிகொடுத்து, கேட்க நாதியில்லாத பெண்களுக்காகப் போராடுவோம் என்பது அவர்கள் சபதம். அப்படியோர் அமைப்பு தேவைப்பட்டது என்பதிலிருந்தே, பழைய வாக்குறுதியின் லட்சணம் தெரிகிறது!

கிறிஸ்டீன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கவிதை எழுதினார், பிரபுக்களுக்கும் அரசிக்கும் கொடுத்தார், பரிசும் பணமும் பெற்றார். ஐரோப்பாவில் எழுத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்திய முதல் பெண்களில் ஒருவர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். விதி தன்னை ஆணாக மாற்றிவிட்டது, அதனால்தான் மூழ்க இருந்த கப்பலை ஓட்ட முடிந்தது என்று 1403-ல் ஒரு கவிதை நூலில் கதை போலச் சொல்கிறார். குடும்ப பாரம் முழுக்கத் தலையில் விழுந்த எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

ரோஜாவுக்காக ஒரு சண்டை

அந்தக் காலத்தின் சூப்பர் ஹிட் புத்தகம் ‘ரோஜாவின் கதை’. 1230 வாக்கில் கியோம் டி லோரிஸ் தொடங்கி, சுமார் 40 ஆண்டுகள் கழித்து ஜான் டி மன் முடித்துவைத்த நீண்ட கவிதை. கையால் எழுதப்பட்ட பிரதிகளில் சுமார் 300 இன்றும் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்தில் ஒரு ரோஜாவைப் பார்க்கும் காதலன், அதைப் பறிக்கத் துடிக்கிறான். ரோஜாவைச் சுற்றிக் கோட்டை எழும்புகிறது. முடிவில் கோட்டை தகர்க்கப்பட்டு, ரோஜா பறிக்கப்படுகிறது. இடையில், பெண்கள் நம்பத்தகாதவர்கள் என்று பாத்திரங்கள் மாறி மாறிப் பேசுகின்றன.

கிறிஸ்டீனின் கேள்வி எளிமையானது. 1399-லேயே, காதல் கடவுள் எழுதும் கடிதம் போன்ற ஒரு கவிதையில் கேட்டுவிட்டார். பெண்கள் அவ்வளவு சபல புத்திக்காரர்கள் என்றால், ஒரே ஒரு பெண்ணை ஏமாற்ற இத்தனை சூழ்ச்சியும் இத்தனை ஆயிரம் வரிகளும் எதற்கு? பெண்களைத் திட்டும் புத்தகங்களைப் பெண்கள் எழுதவில்லையே என்பதும் அவர் வாதம்.

1401-ல் ஜான் டி மான்ட்ரூயி என்ற அரசுச் செயலர் ரோஜா நூலைப் புகழ்ந்து எழுத, கிறிஸ்டீன் நேரடியாக மறுப்புக் கடிதம் அனுப்பினார். கோந்தியே கோல், பியேர் கோல் சகோதரர்கள் களத்தில் குதித்தார்கள். சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னார் ஒருவர். இன்னொருவர், பாட்டைப் புகழ்ந்ததும் வாயைத் திறந்து இரையைக் கோட்டைவிட்ட காக்கையைப் போல ஆகிவிடாதே என்று எச்சரித்தார். ஆம், வடை சுட்ட பாட்டி கதையில் நமக்குத் தெரிந்த அதே காக்கை!

கிறிஸ்டீன் வாயை மூடவில்லை. இரு தரப்புக் கடிதங்களையும் தொகுத்து 1402-ல் அரசி இசபோவுக்கே அனுப்பிவைத்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் ஜெர்சன் அவர் பக்கம் நின்றார். புத்தகங்கள் பெண்களைச் சித்திரிக்கும் விதம் பற்றி ஒரு பெண் அறிஞர்களோடு பகிரங்கமாக மோதியது, பிரெஞ்சு இலக்கியத்தில் அதுவே முதல் முறை.

பறிக்க முடியாத நகரம்

1405-ல் அடுத்த பதில் வந்தது. ‘பெண்களின் நகரம்’ என்ற நூலில், அறிவு, நேர்மை, நீதி என்ற மூன்று தேவியரின் துணையோடு கிறிஸ்டீன் ஒரு நகரத்தைக் கட்டுகிறார். வரலாற்றிலும் புராணத்திலும் சாதித்த பெண்களின் கதைகள்தான் அதன் கற்கள். ரோஜாவின் கோட்டை, ஆண் தகர்ப்பதற்காகக் கட்டப்பட்டது. இந்த நகரம், பெண்கள் பத்திரமாக வாழக் கட்டப்பட்டது. நூலின் முடிவில், இனிக்க இனிக்கப் பேசி வலை விரிப்பவர்களிடம் ஜாக்கிரதை என்று பெண்களுக்குப் புத்தி சொல்லவும் அவர் மறக்கவில்லை.

இவ்வளவு சண்டை போட்டவர் நைட்களை வெறுத்தாரா? இல்லை. 1410-ல் போர்க்கலையும் வீரநெறியும் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். போரில் சம்பந்தப்படாத விவசாயியைச் சிறைபிடித்துப் பணயத் தொகை கேட்கலாமா என்றெல்லாம் அதில் அலசுகிறார். மண்டியிடுவதும் பாட்டுப் பாடுவதும் அவருக்கு முக்கியமில்லை. எளியவரைக் காப்பேன் என்ற சொல்லைக் காப்பாற்றுகிறாயா என்பதுதான் முக்கியம். 1488-ல் பாரிஸில் அந்த நூல் அச்சானபோது அவர் பெயரே காணாமல் போனது. அடுத்த ஆண்டு லண்டனில் வில்லியம் காக்ஸ்டன் ஆங்கிலத்தில் அச்சிட்டபோது பெயர் திரும்பி வந்தது.

1415-ல் அஜின்கோர்ட் போர்க்களம். பிரான்ஸின் நைட்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பெண்களைக் காக்கச் சபதம் எடுத்த பூசிகோ இங்கிலாந்தில் கைதியாகி, 1421-ல் அங்கேயே இறந்தார். பாரிஸ் முழுக்கப் புதிய விதவைகள். கணவர் எதிரியிடம் சிறைப்பட்டிருந்த பூர்போன் சீமாட்டிக்கு, அந்தப் பெண்கள் எல்லோருக்குமான ஆறுதலாக ஒரு நீண்ட மடல் எழுதினார் கிறிஸ்டீன். விதவைகளைத் தேற்ற இன்னொரு விதவைதான் வந்தார்.

1418-ல் பாரிஸில் நடந்த உள்நாட்டுக் கலவரத்தில் மான்ட்ரூயியும் கோந்தியே கோலும் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்டீன் தப்பித்து ஒரு மடத்தில் அடைக்கலமானார். பல வருட மௌனத்துக்குப் பிறகு 1429-ல் அவர் மறுபடி எழுதியது, கவசம் அணிந்து படை நடத்திய ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி. ஜோன் ஆஃப் ஆர்க் உயிரோடு இருந்தபோதே அவரைப் புகழ்ந்து எழுதப்பட்ட கவிதை அது.

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் கிறிஸ்டீனின் படைப்புகள் அடங்கிய ஓர் அழகான கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதன் முதல் ஓவியத்தில் அரசி இசபோ தோழிகளோடு அமர்ந்திருக்கிறார். நீல உடையில் ஒரு பெண் அவர் முன் மண்டியிட்டிருக்கிறார். அது கிறிஸ்டீன். அவர் கையில் வாளும் இல்லை, ரோஜாவும் இல்லை. தானே எழுதிய தடிமனான ஒரு புத்தகம் இருக்கிறது.