எக்ஸ்டர்னல் இல்லாத எக்ஸாம்

இந்த செமஸ்டர் பிராக்டிகலுக்கு எக்ஸ்டர்னல் கிடையாது, நம்ம டிபார்ட்மென்ட் சாரே பார்த்துக்குவார்னு சர்க்குலர் வந்தா நம்மில் யாராவது வருத்தப்படுவோமா? மாட்டோம். ஆனா அந்த மார்க்கை வெளியே ஒருத்தர் நம்புவாரா? கல்வித் துறைகளுக்கும் இதே சிக்கல் உண்டு.

இங்கிலாந்தை எடுத்துக்குங்க. ஐஇஏ என்ற அமைப்பு 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்களின் கணிதம், அறிவியலைச் சோதிக்கும் ‘டிம்ஸ்’ தேர்வை நடத்துகிறது. இங்கிலாந்து எல்லாச் சுற்றிலும் கலந்துகொண்ட நாடு. ஆனா உள்நாட்டு வேலையை அதன் கல்வித் துறை தானே செய்யாமல் வெளியாளிடம் ஒப்பந்தம் விடுகிறது. 2011 தேசிய அறிக்கையை எழுதியது என்எஃப்இஆர் என்ற ஆராய்ச்சி நிறுவனம். 2015, 2019 அறிக்கைகள் யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் கல்வியியல் பிரிவுடையவை.

கான்ட்ராக்ட்னு சொன்னதுமே முதல் மழைக்குப் பெயர்ந்து வரும் தார் ரோடு ஞாபகம் வருதா? எனக்கும் வந்தது. ஆனா இங்கே கான்ட்ராக்டர் இஷ்டத்துக்கு எதுவும் செய்ய முடியாது. வழக்கமா குறைஞ்சது 150 பள்ளிகள் வேணும். நல்ல ஸ்கூலா பார்த்துப் பொறுக்கலாம்னா நடக்காது, ஏன்னா பள்ளிகளை விதிப்படி குலுக்கல் போலத்தான் எடுப்பாங்க. ஒரு பள்ளி மறுத்தால் எந்தப் பள்ளியைக் கேட்கணும் என்பதுகூட முன்னாடியே முடிவாகியிருக்கும்.

அப்போ கான்ட்ராக்டரின் உண்மையான வேலை என்ன? தலைமை ஆசிரியர்களுக்குப் போன் போடுவதுதான்! தேர்வு எழுதுவதால் அந்தப் பள்ளிக்கு நேரடியா பெரிய லாபம் இல்லை, ஒரு நாள் போகும். நிறையப் பேர் ‘வேண்டாம் சார்’ என்றால் மொத்த உழைப்பும் வீண். பதினைந்து வயதினருக்கான ‘பீசா’ தேர்வில் 2003-இல் பிரிட்டனுக்கு அதுதான் நடந்தது. போதிய பள்ளிகள் வராததால் அந்த நாட்டை ஒப்பீட்டுப் பட்டியலிலேயே சேர்க்கலை. அதனால் இந்த டெண்டரை எல்-ஒன், அதாவது குறைந்த விலை, பார்த்துக் கொடுப்பது முட்டாள்தனம் என்பேன். பள்ளிகளை எப்படி வரவைப்பீங்க என்ற கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண் வைக்கணும்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு கதை இருக்கு. பீசா 2009-இன் நீட்டிப்புச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதின. 2011 கடைசியில் முடிவு வந்தபோது, பட்டியலில் நமக்குக் கீழே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தலைன்னு சொல்லி, அடுத்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

அந்தப் புகாரில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். கிராமத்துப் பிள்ளைக்குப் பழக்கமில்லாத பொருளை வைத்துக் கணக்குக் கேட்டால் தடுமாறத்தான் செய்யும். ஆனா அதற்கு வழியே இல்லையா? எந்த ஊர்ப் பிள்ளைக்கும் சாதகமா இருக்கக்கூடாதுன்னு டிம்ஸ் கணக்குகளில் ‘ஜெட்’ என்ற கற்பனைப் பணம்தான் வரும். மொழியையும் சூழலையும் ஊருக்குத் தக்கபடி சரிசெய்வது உள்நாட்டுக் கான்ட்ராக்டரின் வேலையிலேயே ஒரு பகுதி. அதைச் சரியாச் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கணும். நாம மார்க் ஷீட்டைப் பார்த்துட்டு ஹாலை விட்டே எழுந்து வந்துட்டோம்.

டிம்ஸில் சேர முழு நாடும் வரணும்னு இல்லை. கனடாவின் ஒன்டாரியோவும், துபாயும் தனியாகவே எழுதியிருக்கின்றன. தமிழ்நாடும் கேட்டுப் பார்க்கலாம். கேட்டால், நடத்துபவர் நம்ம கல்வித் துறைக்குக் கீழே இல்லாதவரா இருக்கணும். முடிவு எப்படி வந்தாலும் முழுசா வெளியிடணும்னு ஒரு வரியை, மார்க் வருவதற்கு முன்னாடியே ஒப்பந்தத்தில் எழுதிவிடணும்.