கட்டிலும் வேலையும்

திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் எங்கே உறங்குகின்றனர் என்று நாம் கேட்பதுண்டா? சம்பளத்தை மட்டுமே கேட்கிறோம். 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதி உணவால் பலர் நோயுற்றனர். அவர்தம் தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்த பின்னரே, நெருக்கடியான அறைகளும் தரைப் படுக்கையும் தண்ணீரில்லாக் கழிவறைகளும் வெளியே தெரிந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பெண்களுக்கு விடுதி கட்டித் திறந்தது; அறைக்கு அறுவர். நல்லதே. ஆயினும் வேலையோடு சேர்த்துக் கட்டிலும் தரப்படும்போது, வேலை போகும் அன்றே கூரையும் போய்விடக்கூடும். குறைகூற அவர்களுக்கு நா எழாதது இதனாலேயே. (அடக்கம் என்று நாம் மெச்சிக்கொள்கிறோம்!) பெற்றோரே, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் அங்கே தங்கலாம் என்று ஏஜெண்டிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.