ஒரு புள்ளி வைக்கத் தெரியுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணினி அறிவியல் மாணவன், குண்டூர் நாடு, கொல்லிமலை

செய்முறைப் பதிவேட்டில் 'புட்பிக்சல்' என்ற கட்டளையை எழுதாதவர் நம் வகுப்பில் யாருமில்லை. எழுதினோம், திரையில் புள்ளி விழுந்தது, ஆசிரியரும் கையொப்பமிட்டார். அந்தப் புள்ளி எவ்வாறு விழுந்தது என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்? சென்ற ஆண்டு வரை நானும் விழித்திருப்பேன். "அது பழங்கதை, கைப்பேசியிலேயே தமிழ் தெரியும் காலத்தில் அது எதற்கு?" என்கிறார்கள் நண்பர்கள். அந்தப் பழங்கதைக்குள் நம் எழுத்தின் கதையும் இருக்கிறது என்பதே என் வாதம்.

1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணினியின் ஒற்றை நிறத் திரை அட்டைக்குப் படம் வரையத் தெரியாது. சில்லில் பொறித்து வைத்த 256 வடிவங்கள்தாம் அதன் சொத்து. அவற்றுள் 'அ' இல்லை, 'ழ' இல்லை. வண்ண அட்டை படம் வரையும்; ஆனால் உயர்ந்த அளவே 640க்கு 200 புள்ளிகள்தாம். மறு ஆண்டே தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தம் நாட்டு எழுத்தில் ஆய்வேடு எழுத வேண்டி ஓர் அட்டையை உருவாக்கினார். அதுவே ஹெர்குலிஸ். 720க்கு 348 புள்ளிகள். ஒவ்வொன்றையும் நாமே ஏற்றலாம், அணைக்கலாம். தம் மொழி திரையில் இல்லையே என்ற ஒருவரின் குறையிலிருந்து பிறந்த அட்டை அது! நம்மவரும் வாளா இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்வு, புணேயின் சி-டாக் நிறுவனத்தில் 'ஜிஸ்ட்' அட்டையாக முதிர்ந்தது.

பழைய அட்டைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் ஹெர்குலிஸ் போலவே நடிக்கும். அதில் என் ஊர்ப் பெயரின் முதலெழுத்தாகிய 'கு'வை வரைய முயன்றேன். விடுமுறைக்கு ஊர் சென்றபோது வரைதாளில் 16க்கு 16 கட்டமிட்டு நிரப்பிக் கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட மட்டும் கற்ற என் தந்தை எட்டிப் பார்த்து, "ஒரு எழுத்துக்கு இத்தனை கட்டமா சாமி?" என்றார்.

திரையில் அந்த எழுத்து நான்கு மடங்கு நீண்டு, வரிக்கு வரி மூன்று வெற்று வரிகளுடன் சிதறிக் கிடந்தது. ஒரு வரிக்கு 90 பைட்டு. ஆகவே அடுத்த வரி 90 தள்ளி இருக்கும் என்று நான் எண்ணியதே பிழை. அட்டையிலுள்ள 6845 சில்லு எழுத்து வரிசைகளுக்காகச் செய்யப்பட்டது. 127 வரிசைக்கு மேல் காட்டாது. ஆகவே 348 கோடுகளை 87 வரிசையாக்கி, வரிசைக்கு நான்கு கோடு வைத்தார்கள். அடுத்த கோடு 8192 பைட்டுக்கு அப்பால் இருக்கிறது. ஐந்தாவது கோடுதான் 90-இல் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஓராண்டுப் பாடத்தில் நான் கற்றதைவிட அந்த மூன்று நாளில் கற்றது மிகுதி என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நேரமில்லை, தேர்வில் வராது என்பது உண்மையே. ஆயினும் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு, பிறர் செய்து வைத்ததை இயக்க மட்டும் கற்பித்து அனுப்புவது போதாது. இரண்டாமாண்டுச் செய்முறையில் ஒரே ஒரு பிற்பகலை ஒதுக்கி, 'புட்பிக்சல்' இல்லாமல் ஒரு தமிழெழுத்தை வரையச் சொல்லுங்கள். என் வரைதாளைத் தருகிறேன். அதில் 'கு' மட்டும் முடிந்திருக்கிறது. 'ண்'ணின் சுழிகள் 16 கட்டத்துக்குள் இன்னும் அடங்கவில்லை.