பிள்ளைத்தாய்ச்சிக்கும் சர்க்கரை வரும்!

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர் கோட்டைக்குப்பம். அங்கே ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். நர்ஸ் அம்மா ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டுகிறார். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாதே! எனக்கு எதற்கு?" என்று அவள் கேட்கக்கூடும்.

கேட்கட்டும். ஆனால் குடிக்காமல் நழுவக் கூடாது. காரணம், அவள் வயிற்றில் வளரும் நஞ்சுக்கொடி.

நஞ்சுக்கொடி பிள்ளைக்கு உணவு கொண்டு போகும் உறுப்பு. அது மட்டுமல்ல, அது ஒரு சுரப்பியும் கூட! பல ஹார்மோன்களை அது சுரக்கிறது. ஹார்மோன் என்பது இரத்தத்தில் கலந்து உடலுக்குக் கட்டளை இடும் பொருள். கரு கலையாமல் காப்பது ஒரு ஹார்மோன். இன்னொன்று, தாயின் உடல் சர்க்கரையைத் தாராளமாகச் செலவழிக்க விடாமல் தடுக்கிறது. பிள்ளைக்காக மிச்சம் பிடிக்கிறது!

தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதற்கு ஈடு கொடுக்கும். சில பெண்களுக்கு அது முடியாமல் போகிறது. அப்போது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்பகால நீரிழிவு.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே பிள்ளையின் கணையமே அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. குண்டுப் பிள்ளை என்றால் பாட்டிமாருக்கு ஆனந்தம்தான். ஆனால் பிரசவம் சிக்கலாகும். பிறந்தவுடன் பிள்ளையின் சர்க்கரை திடீரென்று இறங்கி, உயிருக்கே ஆபத்து வரலாம். தாய்க்கு இரத்தக் கொதிப்பும் வரலாம்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை என்று இந்தியாவிலேயே முதலில் ஏற்பாடு செய்தது தமிழ்நாடு. ஆண்டு 2007. அதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் சொன்ன முறையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டும் வரலாம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை.

வெறும் வயிற்றில் செய்வதே சரி என்று வாதிடும் நிபுணர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். காலையில் மீன் கூடையோடு புறப்படும் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் வருவாளா? வராதவளுக்கு எந்தச் சோதனையால் என்ன பயன்?

ஒரு முறை செய்தால் போதாது. மாதம் ஏற ஏற நஞ்சுக்கொடியும் வளர்கிறது, ஹார்மோனும் கூடுகிறது. ஆகவே 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

சர்க்கரை இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். முதலில் 2 வாரம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சோற்றையும் இனிப்பையும் குறைக்க வேண்டும். மீனை விட வேண்டியதில்லை. அடங்காவிட்டால் மருந்து அல்லது இன்சுலின்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலும் சர்க்கரையும் இறங்கிவிடும். "போய்விட்டது" என்று வீட்டார் மறந்து விடுகிறார்கள். ஆனால் அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தானே பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? தாயும் அன்றைக்கே சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.