'ரத்தத்துக்கு ஆள் ரெடியா?' - கொஞ்சம் லேட்டான கேள்வி

தஞ்சாவூர் பக்கம் யாருக்காவது ஆபரேஷன்னா உடனே மொபைலுக்கு மெசேஜ் வந்துடும். "அவசரம். ஓ பாசிட்டிவ் 2 யூனிட் தேவை." நாமளும் நாலு பேருக்கு அனுப்பி வைப்போம். நல்ல விஷயம்தான், குறை சொல்லல. ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஆபரேஷன் தேதி ஒரு மாசம் முன்னாடியே தெரியுமே, அப்புறம் என்ன 'அவசரம்'?

விபத்து, பிரசவத்துல திடீர் ரத்தப்போக்கு இதெல்லாம் வேற கதை. அங்க ரத்தம் ஏத்தித்தான் ஆகணும். நான் சொல்றது கர்ப்பப்பைக் கட்டி, மூட்டு மாற்று மாதிரி நாள் பாத்து செய்யற ஆபரேஷன்களை.

2019-21 தேசிய குடும்ப நல சர்வேப்படி தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் மேல! கட்டியால மாசாமாசம் ரத்தம் அதிகமா போறவங்களைப் பத்தி கேக்கவே வேணாம். வெறுங்கால்ல வயல்ல இறங்கறவங்களுக்கு கொக்கிப்புழுவும் சேர்ந்துக்கும்.

எங்க அத்தைக்கு ஒரத்தநாடு பக்கம் கிராமம். கர்ப்பப்பையை எடுக்கணும்னு டாக்டர் ஐப்பசியிலயே சொல்லிட்டார். "சம்பா அறுப்பு முடியட்டும், தை கழிச்சு பாத்துக்கலாம்"னுட்டாங்க. டெல்டாவுல நிறைய வீட்ல நடக்கறதுதான் இது. தை கழிஞ்சு அட்மிட் ஆனப்ப ஹீமோகுளோபின் 7.6. "2 பாட்டில் ஏத்தணும், ஆள் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க.

நடுவுல மூணு மாசம் இருந்துச்சு மக்களே! சர்ஜன் கட்டியைப் பாத்தார். மயக்க டாக்டர் கடைசி நேரத்துலதான் பேஷண்டையே பாத்தார். ரத்தசோகை யார் பொறுப்பு? எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, ஓனர் இல்லாத டிக்கெட்.

இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம்னா, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாலே மாசத்துக்கு 1 - 2 கிராம் ஏற வாய்ப்பு இருக்கு. ஒரு யூனிட் ரத்தம் ஏத்தினாலும் சுமார் 1 கிராம்தான் கூடும். என்ன, மாத்திரையை கும்பகோணம் டிகிரி காபியோட முழுங்கக் கூடாது :-) காபி, டீ ரெண்டுமே இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாம தடுக்கும். மாத்திரை ஒத்துக்கலையா, நாள் கம்மியா இருக்கா, நரம்புல ஏத்தற அயர்ன் சுக்ரோஸ் ஊசி இருக்கு. கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே போடறாங்க.

"ரத்தமே ஏத்திட்டா என்ன தப்பு?"ன்னு கேக்கறவங்க 2018 டிசம்பர்ல சாத்தூர் அரசு மருத்துவமனையில நடந்ததை நினைச்சுப் பாருங்க. ரத்தசோகைன்னு சொல்லி ஒரு கர்ப்பிணிக்கு ஏத்தின ரத்தத்துல எச்.ஐ.வி. இருந்துச்சு. இது அபூர்வம்தான். ஆனா அலர்ஜி, தொற்றுன்னு சின்ன ரிஸ்க் ஒவ்வொரு பாட்டில்லயும் உண்டு. தேவையில்லாத பாட்டிலுக்கு அந்த ரிஸ்க் எதுக்கு?

மேற்கு ஆஸ்திரேலியாவுல 2008ல இதை அரசுத் திட்டமாவே ஆரம்பிச்சாங்க. ரத்தசோகையை முன்னாடியே சரி பண்றது, ஆபரேஷன்ல ரத்தம் வீணாகாம பாக்கறது, நிஜமா தேவைன்னா மட்டும் ஏத்தறது, அவ்ளோதான். 6 லட்சம் பேஷண்ட்களுக்கு மேல கணக்குப் பாத்து 2017ல வெளியிட்டாங்க. ஏத்தின ரத்தம் 41 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, மருத்துவமனை இறப்புகளும் 28 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. இறப்பு குறைஞ்சதுக்கு இது மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுதான். ஆனா உலக சுகாதார நிறுவனமே 2021ல இதை எல்லா நாடுகளும் அவசரமா செய்யணும்னு சொல்லிடுச்சு.

இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஆபரேஷன்னு முடிவு பண்ற அன்னிக்கே சீட்டுல ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு எழுதணும். கம்மின்னா ஏன் கம்மின்னு பாக்கணும், ஏன்னா எல்லா ரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவு இல்ல. அப்புறம் வைத்தியம், அப்புறம் தேதி. ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாரணும்னு நமக்கு யாராவது சொல்லித் தரணுமா என்ன?

ஆஸ்பத்திரி கேக்கலைன்னா நாம கேப்போம். அடுத்த தடவை சொந்தத்துல யாராவது "அறுப்பு முடிஞ்சு ஆபரேஷன்"னு சொன்னா, "ரத்தம் எவ்வளவு இருக்கு, பாத்தீங்களா?"ன்னு அன்னிக்கே கேளுங்க. ரத்த தானம் குடுக்கறதையும் விட்டுடாதீங்க, அது நிஜமான அவசரத்துக்கு வேணும்.

நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்ல. மருத்துவப் பதிவர்கள் யாராவது தப்பைப் பாத்தா தயங்காம திருத்துங்க.